முதலாளி கம்பெனி திறக்கச் சொல்கிறார், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஜேர்மனியில் டோட்முண்ட் பக்கம் ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் நான்கு வருடமாகப் பார்சல் வான் ஓட்டுகிறேன். எங்கள் டெப்போவில் சாரதிகள் 14 பேர். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் கிடையாதாம். ஆளுக்கொரு கம்பெனி திறந்து, மாதாமாதம் பில் கொடுத்துக் காசு வாங்க வேண்டுமாம். வேறு ஐரோப்பிய நாட்டில் இணையத்திலேயே பதியலாம், ஒரு யூரோ முதல் போதும், எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்கிறார் முதலாளி. தொழிற்சங்கக் கூட்டத்திலோ, ஒரு நபர் கம்பெனிக்கு ஐரோப்பா கொண்டுவரும் சட்டம் ஆபத்து என்றார்கள். அந்தச் சட்டம் வந்துவிட்டதா? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் வரவும் இல்லை.

நடந்தது இதுதான். 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்ட வரைவை முன்வைத்தது. ‘ஒரே ஆளின் நிறுவனம்’ என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சுருக்கி எஸ்.யூ.பி. என்றார்கள். ஒரு யூரோ முதலீடு, இணையத்தில் பதிவு, மூன்று வேலை நாளில் சான்றிதழ். எந்த நாட்டில் பதிகிறீர்களோ அங்கே நேரில் போய் நிற்கக்கூட வேண்டாம். பதிவு ஒரு நாட்டில், நிர்வாகம் வேறு நாட்டில் என்று பிரித்து வைத்துக்கொள்ளவும் வரைவு இடம் கொடுத்தது. சிறுதொழில் செய்பவர்களுக்கு எல்லை தாண்டுவதை எளிதாக்குகிறோம் என்பது ஆணையத்தின் வாதம்.

ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஜேர்மன் சங்கங்களும் கடுமையாக எதிர்த்தன. வரைவு பேசியது ‘ஒரே பங்குதாரர்’ பற்றி. அந்த ஒருவர் பெட்டிக்கடைக்காரராக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஒரு பன்னாட்டு நிறுவனமே அந்த ஒரே பங்குதாரராக இருக்கலாம், அதன்கீழ் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யலாம். ஜேர்மனியில் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. 2000 பேரைத் தாண்டினால் பாதி. பதிவை அப்படிச் சட்டமில்லாத நாட்டுக்கு மாற்றி, வேலையை இங்கேயே நடத்தினால் அந்த இடங்கள் காணாமல் போகும். 2001இல் ‘ஐரோப்பிய நிறுவனம்’ என்ற வடிவத்துக்குச் சட்டம் போட்டபோது பதிவும் தலைமையகமும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்றார்கள், தொழிலாளர் பங்கேற்புக்குத் தனிச் சட்டமே எழுதினார்கள். எஸ்.யூ.பி. வரைவில் இந்த இரண்டு காப்பும் கிடையாது.

அது வீண் பயமும் இல்லை. ஒரு டேனிஷ் தம்பதி பிரிட்டனில் ஒரு கம்பெனியைப் பதிந்துகொண்டு, பிரிட்டனில் ஒரு காசு வியாபாரமும் செய்யாமல், டென்மார்க்கில் கிளை திறக்க விண்ணப்பித்தார்கள். டென்மார்க்கில் அப்போது கேட்ட 2,00,000 குரோனர் மூலதனத்திலிருந்து தப்புவதற்கான வழி அது. ஐரோப்பிய நீதிமன்றம் 1999இல் தம்பதி பக்கமே தீர்ப்பளித்தது. தொழிற்சங்கக்காரர்கள் ‘தபால்பெட்டிக் கம்பெனி’ என்று திட்டுவது இந்த ரகத்தைத்தான்: அந்த முகவரியில் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு தபால்பெட்டியும் தவிர வேறொன்றும் இராது. (ஒப்பந்தங்களை உறுதிப்படுத்திக் கொடுக்கும் ஜேர்மன் நோட்டரிகளும் எஸ்.யூ.பி.யை எதிர்த்தார்கள். அவர்கள் முன்னால் போய் உட்காராமல் இங்கே கம்பெனி தொடங்குவது கடினமாக இருந்த காலம் அது. அவர்கள் கவலை தொழிலாளர் பற்றியதல்ல, தங்கள் தொழில் பற்றியது என்று நினைக்கிறேன்.)

உறுப்பு நாடுகளுக்குள் இழுபறியாகவே கிடந்த வரைவை 2018இல் ஆணையமே திரும்பப் பெற்றது. அப்படியென்றால் இப்போது ஏன் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்? 2025 ஜனவரியில் ஆணையம் ‘28ஆவது சட்டமுறை’ என்று புதிதாக ஒன்றை அறிவித்தது. 27 நாட்டுச் சட்டங்களுக்குப் பக்கத்தில், கம்பெனிகள் விரும்பினால் எடுத்துக்கொள்ள இன்னொரு பொதுச் சட்டம். அந்த அறிவிப்பில் வரி, திவால் ஆகியவற்றோடு தொழிலாளர் சட்டம் என்ற சொல்லும் இருந்தது. எஸ்.யூ.பி.யோடு மல்லுக்கட்டிய தொழிற்சங்கங்களுக்குப் பழைய பயம் திரும்ப அந்த ஒரு சொல் போதும்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் முதலாளிக்கு எஸ்.யூ.பி. தேவையே இல்லை. ஒரே பங்குதாரர் உள்ள கம்பெனியை ஐரோப்பா 1989இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு யூரோவில் தொடங்கும் ‘ஊகே’ வடிவம் ஜேர்மனியிலேயே 2008 முதல் இருக்கிறது. கம்பெனி திறப்பதில் தப்பில்லை. திறந்த பிறகு உங்கள் வேலை எப்படி நடக்கப்போகிறது என்பதைப் பாருங்கள். காலையில் டெப்போவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தத் தெரு, எத்தனை பார்சல் என்று ஸ்கேனர்தானே சொல்கிறது? வான் யாருடையது? உங்களுக்குப் பதிலாக உங்கள் தம்பியை அனுப்ப முடியுமா? இன்னொரு கம்பெனியின் பார்சலையும் அதே வானில் ஏற்ற விடுவார்களா? எல்லாம் அவர் சொல்படிதான் என்றால், உங்கள் பில்லில் எந்த நாட்டு முத்திரை இருந்தாலும் நீங்கள் தொழிலாளிதான். இதை இங்கே ‘ஷைன்ஸெல்ப்ஸ்டெண்டிஹ்கைட்’ என்பார்கள், அதாவது பொய்ச் சுயதொழில்.

‘தனி ஆளாகப் பில் போட்டால்தான் பிரச்சினை, நடுவில் கம்பெனி இருந்தால் தப்பிக்கலாம்’ என்று ஏஜென்டுகள் சொல்வார்கள். காசெல் நகரிலுள்ள கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2023 ஜூலை 20ஆம் திகதி அந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மருத்துவமனையில் வேலை செய்த தாதிகளின் வழக்குகளும் ஓர் ஆலோசகரின் வழக்கும் அன்று விசாரணைக்கு வந்தன. ஒவ்வொருவரும் தன் கம்பெனிக்குத் தானே ஒரே பங்குதாரர், தானே இயக்குநர். ஒப்பந்தம் கம்பெனியின் பெயரில் இருந்தாலும், வேலை நடக்கும் விதம் கூலி வேலை போல இருந்தால் அந்த ஆளுக்குச் சமூகக் காப்புறுதி கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம்.

வெளிநாட்டுப் பதிவும் உதவாது. நீங்கள் வேலை செய்வது டோட்முண்டில், ஆகவே காப்புறுதி ஜேர்மன் சட்டப்படிதான். கம்பெனியை நடத்துகிறவர் டோட்முண்டில் உட்கார்ந்திருந்தால் ஜேர்மன் வரி அலுவலகமும் கேட்கும். அதற்கு மேல் இரண்டு நாட்டுக் கணக்காளர் செலவு வேறு. இழப்பதையும் எண்ணிப் பாருங்கள்: சம்பளத்தோடு வரும் லீவு, நோயென்றால் ஆறு வாரச் சம்பளம், குறைந்தபட்சக் கூலி (2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ). அப்புறம் 14 பேரில் ஐந்து பேர் ‘கம்பெனி’ ஆனால் ஏட்டில் மிஞ்சுவது ஒன்பது பேர். பத்துப் பேருக்கு மேல் இருந்தால்தான் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பேசும். கையெழுத்துப் போடாமல் நின்றவர்களையும் அது பாதிக்கும் என்பதை டெப்போவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் வதிவிட அட்டையோடு தந்த பச்சைத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘ஸெல்ப்ஸ்டெண்டிக’ என்று தொடங்கும் வரியில் ‘நிஹ்ட்’ என்று இருந்தால் சுயதொழிலுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. அப்போது இது சம்பளப் பிரச்சினையோடு நிற்காது, விசாப் பிரச்சினையாகும். ஜேர்மன் குடியுரிமை எடுத்திருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ‘இருவரும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்கிறோம்’ என்ற தாள் நீட்டப்பட்டால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அங்கேயே கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால் வேலையில்லாக் கால உதவிப் பணம் 12 வாரம்வரை நிறுத்தப்படலாம். வாட்ஸப்பில் ‘நாளையிலிருந்து வராதே’ என்றால் அது வேலைநீக்கம் ஆகாது. கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் கணக்கு, வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அதற்குப் பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை.

நீங்கள் தொழிலாளியா, சுயதொழிலாளியா என்று பெர்லினிலுள்ள ஓய்வூதியக் காப்புறுதி அலுவலகத்திடமே எழுதிக் கேட்கலாம். படிவத்தின் எண் வி 0027, கட்டணம் இல்லை. 2022 ஏப்ரல் முதல் புது வேலை தொடங்கும் முன்னரே கேட்க முடியும். முதலாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; பலருக்கு அந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதுமே கம்பெனி ஆசை போய்விடும். பின்னால் பிடிபட்டால் பழைய காப்புறுதிப் பணம் முழுவதும் அவரிடம்தான் கேட்பார்கள். உங்கள் பங்கை அடுத்த மூன்று சம்பளத்துக்குள் மட்டுமே உங்களிடம் பிடிக்கலாம். பார்சல் துறையில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவருக்கு வேலை கொடுக்கும் பெரிய நிறுவனமும் அந்தக் காசுக்குப் பொறுப்பு.

பார்சல் துறைக்கு வெர்டி சங்கம். சந்தா மொத்தச் சம்பளத்தில் ஒரு சதவீதம். சட்ட உதவி எப்போதிலிருந்து கிடைக்கும் என்று சேரும்போதே கேளுங்கள். போகும்போது கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டை, ரூட் பட்டியல், முதலாளியின் குரல் செய்திகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கான ரசீதையும் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.