குட்டி வரும் பின்னே, மருத்துவர் வரும் முன்னே

கேள்வி: அடுத்த மாதம் எட்டு வார நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர இருக்கிறோம். நாய் வளர்ப்பது எங்களுக்கு இதுவே முதல் முறை. எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று எக்ஸ்ரே, ஸ்கேன், ஆய்வகம் என எல்லா வசதிகளும் கொண்ட பெரிய மருத்துவமனை. மற்றொன்று ஒரே மருத்துவர் நடத்தும் சிறிய கிளினிக். எதைத் தேர்ந்தெடுப்பது? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: குட்டி வருவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள் என்பதே பெரிய ஆறுதல். குட்டி விடாமல் வாந்தி எடுக்கும் இரவில்தான் பலர் மருத்துவரைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் விளக்கு எரியும் எந்த இடமும் நல்ல இடமாகவே தெரியும். உங்களுக்கு ஒரு மாத அவகாசம் இருப்பதால், குட்டி இல்லாமலேயே இரண்டு இடங்களுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். மருத்துவரின் பட்டமும் பதிவெண்ணும் பார்வையில் படும்படி மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். இல்லையென்றால் கேட்பதில் தவறே இல்லை. இரவிலும் விடுமுறை நாளிலும் அவசரம் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். "எந்நேரமும் கூப்பிடலாம்" என்ற பொதுவான பதிலைவிட, "இரவு பத்து மணிக்கு மேல் நாங்கள் பார்ப்பதில்லை, இன்ன இடத்துக்குப் போங்கள்" என்ற பதில்தான் நம்பத் தகுந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை என் கருத்து இது: நோய் முற்றிய விலங்குக்கு ஸ்கேன் உயிர் காக்கும்; எட்டு வாரக் குட்டியின் முதல் ஆண்டுக்கு அதைவிடப் பெரிய தேவை, பொறுமையாகத் தொட்டுப் பார்க்கும் கைகள். முதல் சந்திப்பில் மருத்துவர் குட்டியை எடை போட வேண்டும்; உடல் வெப்பத்தை அளக்க வேண்டும் (நாய்க்கு ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பானது என்பதால், நம் உடலோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம்), இதயத்தைக் கேட்க வேண்டும், வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்றும், வயிற்றைத் தடவித் தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா என்றும், ஆண் குட்டியானால் விரைகள் இறங்கியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவை எதற்கும் மின்சாரம்கூடத் தேவையில்லை. மேசையில் வைத்த அரை நிமிடத்தில் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்தவரை அழைக்கும் இடத்தில், கட்டடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீங்கள் வாங்குவது ஊசியை மட்டுமே.

இன்னொரு சோதனையும் உண்டு. தடுப்பூசியை ஏன் இத்தனை முறை போட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். தாயின் சீம்பாலிலிருந்து குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்பாற்றல் முதல் சில வாரங்களுக்கு அதைக் காப்பதோடு, தடுப்பூசி வேலை செய்வதையும் தடுக்கிறது. அந்தப் பாதுகாப்பு எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான், ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குட்டிக்குப் பதினாறு வாரம் நிறையும் வரையாவது பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இதை உங்களுக்குப் புரியும் மொழியில் இரண்டு நிமிடம் சொல்லக்கூடியவர், பின்னாளில் சிக்கலான நோய் ஒன்றையும் உங்களுக்குப் புரியவைப்பார். "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஊசித் தொடர் முடியாத குட்டியைக் காத்திருக்கும் இடத்தின் தரையில் விடாமல் மடியிலோ கூடையிலோ வைத்திருக்கச் சொல்லும் ஊழியர்கள் இருந்தால், அதையும் நல்ல அடையாளமாகக் கொள்ளுங்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது.

சிறிய கிளினிக்கின் மருத்துவர் இவற்றில் தேறி, தம்மிடம் இல்லாத வசதி தேவைப்படும்போது எங்கே அனுப்புவார் என்பதையும் தயங்காமல் சொன்னால், நான் அவரையே தேர்ந்தெடுப்பேன். அதே மருத்துவர் தொடர்ந்து பார்க்கும்போது, சென்ற முறையைவிடக் குட்டி சோர்ந்திருப்பது அவர் கண்ணில் படும். பெரிய இடத்தையே விரும்பினால், ஒவ்வொரு முறையும் ஒரே மருத்துவரைப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பெண் நாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்ய மூன்று இடங்களில் விசாரித்தோம். குறைந்த கட்டணத்துக்கும் அதிகக் கட்டணத்துக்கும் மூன்று மடங்கு வேறுபாடு இருக்கிறது. அறுவை ஒன்றுதானே?

பதில்: பெயர் ஒன்றுதான், அந்தப் பெயருக்குள் எதெல்லாம் அடங்குகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே தொகையை ஒப்பிடுவதற்கு முன், மூன்று இடங்களிலும் வகை பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்துக்கு முந்தைய உடல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் அதில் உண்டா, அறுவையின்போது இரத்தக்குழாயில் ஊசிக்குழாய் பொருத்தப்படுமா, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப்படுமா, வலி நிவாரணி அறுவை மேசையோடு நின்றுவிடுமா அல்லது வீட்டுக்கும் தருவார்களா, தையலை நக்காமலிருக்கக் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டை தருவார்களா, மறுபார்வைக்குத் தனிக் கட்டணமா என்று பாருங்கள். இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் கேள்வி ஒன்று உண்டு: அறுவை செய்பவர் கத்தியில் கவனமாக இருக்கும்போது, நாயின் மூச்சையும் இதயத்தையும் ஆக்சிஜன் அளவையும் கவனிப்பதற்கென்றே வேறொருவர் இருப்பாரா? எழும் வரை அருகில் இருப்பாரா? மயக்கத்திலிருந்து மீளும் நேரமும் ஆபத்தான நேரமே.

குறைந்த கட்டணம் என்பதாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை. நன்கொடையில் நடக்கும் இடங்கள் பல நாள்தோறும் இதே அறுவையைச் செய்வதால் நல்ல கைப்பழக்கம் உள்ளவை. எதை விட்டுவிட்டுக் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்பது தெரிந்தால் போதும். வலி நிவாரணியை விட்டிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி: நாய்களை நன்றாகப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் எங்களுக்கு வழக்கம். இப்போது முயல் ஒன்று வாங்கியிருக்கிறோம். அவரிடமே காட்டலாமா?

பதில்: முயலை எந்த அளவுக்குப் பார்க்கிறார் என்று அவரிடமே கேளுங்கள், நேர்மையானவர் உண்மையைச் சொல்வார். அப்படியும் தயக்கம் இருந்தால், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு முயலைப் பட்டினி போட வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நாயும் பூனையும் மயக்கத்தில் வாந்தி எடுக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பட்டினி போடுவார்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. மாறாக, தீனி நின்றால் அதன் குடல் இயக்கமும் நின்றுபோகும் ஆபத்து உண்டு. "இரவு முழுக்க எதுவும் கொடுக்காதீர்கள்" என்ற பதில் வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். நாய்க்குப் பழகிய மருந்துகளும் இங்கே பகையாகலாம்: உண்ணிக்காக நாயின் மேல் விடும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு, வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து அதன் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே பறிக்கக்கூடும். பூனை வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாயின் உண்ணிக்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு நஞ்சு.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவரும் மருத்துவரை மாற்ற நினைக்கிறோம். அவர் மனம் வருந்துமோ என்று தயங்குகிறோம்.

பதில்: தயங்க வேண்டாம், வேறொருவரின் கருத்தைக் கேட்பது மருத்துவத் தொழிலில் வழக்கமான ஒன்றுதான். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. ஆனால் வெறுங்கையோடு வராதீர்கள். தடுப்பூசி அட்டை, ஊசிக் குப்பியின் தொகுப்பு எண், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள், கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே புதிய இடத்துக்குச் செல்லுங்கள். இல்லாவிட்டால் அதே பரிசோதனைகளுக்கு இரண்டாம் முறை பணம் கட்டுவீர்கள், உங்கள் நாயும் இரண்டாம் முறை ஊசிக் குத்து வாங்கும்.