அகில இந்திய வானொலியில் உள்ளூர் வரலாற்று நிகழ்ச்சிகள் வர நேயர்கள் என்ன செய்யலாம்?

நீங்களும் என்னைப் போலக் கடிதம் எழுதிப் பதில் வராமல் சோர்ந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வருடம் நானும் "வரலாற்று நிகழ்ச்சி போடுங்கள்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கம் கேட்கிற நிலையங்களில் ஒன்று, பெயர் வேண்டாம்.

ஒருநாள் அங்கிருந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர் போனில், "எந்த வரலாறு சார்? யார் பேசுவாங்க?" என்றார். அப்போதுதான் புரிந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பிடித்தேன். தூத்துக்குடி கோரல் நூற்பாலையில் 1908இல் நடந்த வேலைநிறுத்தம் பற்றி 15 நிமிடம் பேசுவார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக்கு நானும் கூடப் போனேன். தாள் சரசரக்கும் சத்தம் மைக்கில் விழும் என்று ஊக்கைக் கழற்றி, பக்கங்களைத் தனித்தனியாக மேசையில் பரப்பி வைத்தார்கள். 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதையும், மறுநாள் திருநெல்வேலி துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்ததையும் சொல்லும்போது ஐயாவின் குரல் கம்மிவிட்டது. அதை வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினார்கள். அந்தத் தயாரிப்பாளருக்கு இன்றும் நன்றி சொல்வேன்.

"யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, ரேடியோ யார் கேட்கிறார்கள்?" என்று யாராவது வருவீர்கள். உப்பளத்தில் வாருபலகையைப் பிடித்திருப்பவர் எந்தக் கையால் போனைப் பார்ப்பார்? கரையில் வலை பின்னுகிறவருக்கும் காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. யூடியூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வட்டாரப் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தர வேண்டும் என்று இந்த வானொலியை நடத்தும் பிரசார் பாரதி நிறுவனத்துக்கான 1990ஆம் ஆண்டின் சட்டமே 12ஆம் பிரிவில் சொல்கிறது. நாம் கேட்பது சலுகை இல்லை.

    

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி வந்த பிறகு இருபது பேரிடம் அஞ்சலட்டை எழுதச் சொன்னேன். ஏழு பேர் எழுதினார்கள். அந்த ஏழு அட்டையைக் காட்டித்தான் இன்னும் நான்கு பேச்சுக்கு இடம் வாங்கினார் தயாரிப்பாளர். அவருக்கு மாற்றல் வந்ததும் தொடர் நின்றுபோனது. வந்தவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவரிடம் காட்ட எங்கள் கையில் புது அட்டை ஒன்றுகூட இல்லை.

அதனால் கேட்கும்போது தலைப்பு, பேசுபவர் பெயர், அவரது போன் நம்பர், எத்தனை நிமிடம் எல்லாம் எழுதுங்கள். ஒலிபரப்பான மறுநாளே எந்த இடம் பிடித்தது என்று இன்னொரு அட்டை போடுங்கள். நிகழ்ச்சிகளை முன்கூட்டியே திட்டமிட்டுவிடுவார்கள். துப்பாக்கிச் சூடு நடந்த மார்ச் 13க்கு வேண்டுமென்றால் டிசம்பரிலேயே அட்டை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.