குடும்பச் சுற்றுலாவை வீடியோ எடுக்கத் தனியாகக் கேமரா வாங்கலாமா, போனே போதுமா?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இதுதான்: பத்து நாள் பயணம், இரண்டு சின்னப் பிள்ளைகள், கூடவே வயதான அப்பா அம்மா. கடலும் உண்டு, மலையும் உண்டு. கையில் இரண்டு வருடப் பழைய போன் இருக்கிறது. எடிட்டிங் தெரியாது. என்ன வாங்கலாம் என்கிறார்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன பயணத்தில் எடுத்த வீடியோக்களில் எதையெல்லாம் வீட்டில் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் இந்தக் கணக்கைப் போட்டது கேமரா வாங்கிய பிறகு. அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மிரர்லெஸ் கேமராவும் (லென்ஸை மாற்றி மாற்றிப் பூட்டும் ரகம்) இரண்டு லென்ஸும் வாங்கினேன். மூன்று மாதம் விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தேறிய பிறகு எடுத்த முடிவு. பயணத்தில் முதல் இரண்டு நாள் கழுத்தில் தொங்கியது, மூன்றாம் நாள் பைக்குள் போனது, ஐந்தாம் நாளிலிருந்து அறையிலேயே தங்கிவிட்டது. பையைத் திறந்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, ஆன் செய்து கண்ணில் வைப்பதற்குள் என் மகள் அலையில் விழுந்து எழுந்து சிரித்தும் முடித்திருப்பாள். "இன்னொரு தடவை விழும்மா" என்று நான் கேட்டிருக்கிறேன். அவளும் பாவம், விழுந்தாள். அந்த வீடியோவை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. அம்மாவோ பெரிய லென்ஸைக் கண்டாலே முடியைச் சரிசெய்துகொண்டு பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றுவிடுவார்.

திரும்பி வந்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டபோது மொத்தம் 212 துண்டுகள். வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதில் ஏழு. ஏழும் போனில் எடுத்தவை. அதில் நான்கு துண்டுகள் என் மகள், அப்போது எட்டு வயது, அவள் அம்மாவின் போனைப் பிடுங்கி எடுத்தவை. ஒன்று, நிறுத்திவிட்டதாக நினைத்து என் அம்மா நான்கு நிமிடம் தரையைப் படம்பிடித்தது. அதில் தெரிவது செருப்பு மட்டும்தான். ஆனால் அப்பாவும் அம்மாவும் வழி தவறியது யாரால் என்று சண்டை போடுவது முழுசாகப் பதிவாகியிருக்கிறது. இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. நான் எடுத்த நூற்றுச் சொச்சம் துண்டுகளில் ஒன்றில்கூட நான் இல்லை.

அதனால் என் முதல் அளவுகோல், அந்தக் கருவியை வீட்டில் வேறு யார் யார் எடுத்து இயக்குவார்கள் என்பது. படத் தரம் அதற்குப் பிறகுதான். அப்படிப் பார்த்தால் போன் எல்லாவற்றையும் முந்திவிடுகிறது.

போனின் பலவீனங்களையும் தெரிந்துகொண்டு போங்கள். வெயில் ஒன்று. ஐபோனையே எடுத்துக்கொண்டால், சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நடுப்பகல் மணலில் 4கே என்னும் மிகத் தெளிவான வீடியோவை எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தப் போனும் சூடேறித் திரையை மங்கலாக்கும், சிலசமயம் பதிவையே நிறுத்தும். கடல்நீர் இன்னொன்று. தண்ணீர் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல தண்ணீரில் செய்த சோதனையை வைத்து. உப்புநீர் அந்தக் கணக்கில் வராது, தண்ணீர் புகுந்து கெட்டால் வாரன்ட்டியும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஜூமும் அப்படித்தான்: போனில் இருக்கும் லென்ஸின் எல்லையைத் தாண்டி விரலால் இழுப்பதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

இரவுப் படம் கொஞ்சம் விளக்க வேண்டியது. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படம்) ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் அந்த ஃபிரேமே இழுபட்டுப் பதிவாகும். மென்பொருள் மூலம் ஆட்டத்தைக் குறைப்பது ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி நிறுத்துமே தவிர, உள்ளே படிந்த இழுபடலை அழிக்காது. அதனால்தான் இரவில் நடந்துகொண்டே எடுத்த வீடியோ ஆடாமலும் இருக்கும், முகங்கள் குழம்பியும் இருக்கும். இரவில் நின்று எடுங்கள், 1எக்ஸ் என்று காட்டும் வழக்கமான லென்ஸில் எடுங்கள். அல்ட்ரா வைட் லென்ஸ் இருட்டுக்கு உதவாது.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். ஐபோனில் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் ஹெச்இவிசி முறையில் 4கே, விநாடிக்கு 30 ஃபிரேம் வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 ஃபிரேம் வைத்தால் சுமார் 400 எம்பி. தினம் 20 நிமிடம் எடுத்தால் பத்து நாளைக்கு முதலாவது 34 ஜிபி, இரண்டாவது 80 ஜிபி. 30 ஃபிரேமே போதும் என்பது என் கட்சி. பிள்ளைகள் ஓடியாடும்போது மட்டும் 60 வையுங்கள். ஒன்று கவனிக்க: ஹெச்இவிசி கோப்புகள் பழைய கணினியில் திக்கித் திக்கி ஓடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நான் ஒருநாள் முழுக்கத் தவித்திருக்கிறேன். புறப்படும் முன்பே ஒரு நிமிடம் எடுத்து உங்கள் கணினியிலும் டிவியிலும் ஓட்டிப் பாருங்கள்.

இனி மற்ற கருவிகள். கடலில் பிள்ளைகளோடு இறங்குவது உறுதியென்றால் ஆக்‌ஷன் கேமரா, அதாவது தண்ணீரும் அடியும் தாங்கும் குட்டிக் கேமரா ஒன்று தேவை. கோப்ரோவின் ஹீரோ5 பிளாக் முதல் வந்த ஹீரோ பிளாக் கேமராக்கள் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும், டிஜேஐ ஆக்‌ஷன் 4 கேமரா 18 மீட்டர். கீழே போட்டாலும் பதற வேண்டியதில்லை, பிள்ளை கையிலேயே கொடுக்கலாம். ஆனால் மாலை மங்கியதும் அதன் வேலை முடிந்தது, வெளிச்சத்தை வாங்கும் சென்சார் சின்னது. அது ஒரு மதிய நேரக் கருவி. கடல் இரண்டு நாள்தான் என்றால் தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள்.

நடந்துகொண்டே எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கிம்பலோடு (கை ஆடினாலும் கேமராவை நிலையாகப் பிடிக்கும் மோட்டார் அமைப்பு) சேர்ந்தே வரும் கைக்கேமரா நல்லது. டிஜேஐ 2023இல் கொண்டுவந்த ஆஸ்மோ பாக்கெட் 3 அந்த ரகம். ஒரு அங்குல சென்சார், 179 கிராம் எடை, திரையைத் திருப்பினாலே ஆன் ஆகிவிடும். கேமராத் தலையையே மோட்டார் சமநிலையில் நிறுத்துவதால் மேலே சொன்ன இருட்டு இழுபடலும் குறையும். தண்ணீர் மட்டும் ஆகாது, மணலும் அதற்கு எமன்.

கேம்கார்டர், அதாவது வீடியோவுக்கென்றே வந்த பழைய கைக்கேமரா என்றால் இன்று சிரிக்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. திரையை விரித்தால் ஆன், மூடினால் ஆஃப். சோனி, பானசோனிக் மாடல்களில் படத்தை வெட்டாமல் லென்ஸாலேயே கிட்டே இழுக்கும் உண்மையான 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் கிடைத்தது. தூரத்துப் பறவை, எதிர்க்கரையில் நிற்கும் மிருகம் இவற்றுக்குப் போன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. உங்கள் பயணத்தில் அதெல்லாம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மிரர்லெஸ் பற்றி என் கதையே போதும். புகைப்படம் எடுப்பதே உங்களுக்கு ஆசையென்றால் அது வேறு கணக்கு. (பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் வீடியோவை நிறுத்திவிடும். 30 நிமிடத்தை எட்டினால் ஐரோப்பிய ஒன்றியத்தின் அப்போதைய சுங்க விதிப்படி அது வீடியோ கேமரா ஆகிவிடும், வரி கூடும் என்பதுதான் அன்றைய காரணம். சூட்டுக்குப் பயந்து என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.) டிரோன் வேண்டாம். குடும்பம் எறும்பு அளவு தெரியும்.

இத்தனை சொன்னதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சத்தம். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். காற்றும் அலையும் அப்படியேதான் இருக்கும். ஜூம் செய்தால் முகம் கிட்டே வரும், குரல் வராது. ஐந்து மீட்டர் தள்ளி நின்று எடுத்த தாத்தாவின் பேச்சு, எந்த விலைக் கேமராவானாலும் வெறும் காற்றிரைச்சல்தான்.

கட்டைவிரல் அளவில் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக் வந்திருக்கிறது. ரிசீவரைப் போனின் சார்ஜிங் துளையில் செருகினால் போதும். டைப்-சி துளையா, லைட்னிங் துளையா என்று பார்த்து வாங்குங்கள், கூடவே வரும் ரோமக் குல்லாவைத் தொலைத்துவிடாதீர்கள், காற்றைத் தடுப்பது அதுதான். அடுத்த பயணத்தில் அப்பாவின் சட்டையில் ஒன்றை மாட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் அதை மறந்துவிட்டார். மலைப்பாதை முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே பேரனிடம் தன் முதல் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஏறினார். பாதி சம்பவங்கள் எனக்கே புதுசு. படத்தில் அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

கடைசியாக, கருவி எதுவானாலும் பொருந்தும் சில்லறை விஷயங்கள். மெமரி கார்டில் வி30 என்று போட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். விநாடிக்கு 100 மெகாபிட் ஓடும் 4கே வீடியோவுக்குத் தேவையே 12.5 எம்பிதான் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்), அதற்கு மேல் விலை கொடுக்காதீர்கள். போலிக் கார்டுகள் உண்டு, வீட்டிலேயே ஒருமுறை முழுக்க நிரப்பிப் பாருங்கள். ராத்திரி தூங்கும் முன் அன்றைய வீடியோக்களை வேறொன்றில் நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வீடியோவாக அனுப்பியது நகல் ஆகாது, அது தரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் அனுப்பும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான், அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-அவர் வரை.

உங்கள் நிலையில் நான் இருந்தால் போனில் இடத்தைக் காலி செய்து, பேட்டரி தளர்ந்திருந்தால் மாற்றி, மைக் ஒரு ஜோடி வாங்கி, கடலுக்கு ஆக்‌ஷன் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்புவேன். அதற்கு மேலும் பணம் கை அரிக்கிறது என்றால் கிம்பல் கைக்கேமரா. எதை வாங்கினாலும் இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் உங்கள் அம்மா கையில் கொடுத்து, ஒன்றும் விளக்காமல், "பிள்ளைகளைக் கொஞ்சம் எடும்மா" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அவரால் ஆரம்பிக்க முடியவில்லை என்றால் பில்லோடு கடைக்குக் கிளம்பலாம்.