மதிலுக்கு வெளியே ஒரு கடைத்தெரு

அன்புள்ள ஐயா,

சிற்றூர்க் கடைத்தெருக்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தேர்முட்டி, சத்திரம், ஜவுளிக்கடை மாடி என்று அந்த ஊர்களுக்கெல்லாம் சொல்ல ஏதோ இருக்கிறது. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். எங்கள் தெருவில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்) போட்ட வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதையும் பில்டருக்குக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார்கள். தெருவின் வரலாற்றையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் எழுத ஒன்றுமில்லை. மயிலாப்பூருக்குக் குளமும் மாடவீதியும் இருக்கின்றன. எங்களுக்கு என்ன இருக்கிறது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

க.

அன்புள்ள க.,

மயிலாப்பூரை விடுங்கள். அங்கே கோயிலைச் சுற்றித் தெரு வந்தது. உங்கள் பக்கத்துக்கு உருவம் கொடுத்தது ஒரு மதில்.

1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வாசல்வரை வந்து போனது. அந்தக் கிலியில், இன்றைய ஜார்ஜ் டவுனை வளைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மதில் எழுப்பினார்கள். கட்டும் குத்தகையை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகப் போட நினைத்தார்கள், அது வசூலாகவில்லை. வராத வரியின் பெயர் மட்டும் மேற்கே வால்டாக்ஸ் (மதில்வரி) ரோடாக நின்றுவிட்டது. வடக்கு மதிலில் ஒரு துண்டு இன்னும் ஓல்டு ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன் தலைமேல்தான் மாடிப் பூங்கா. ஒருநாள் சாயங்காலம் ஏறி நின்று பாருங்கள். தெற்கே பட்டணம், வடக்கே நீங்கள்.

உள்ளே வைத்துக்கொள்ள இடமில்லாததும் மனமில்லாததும் மதிலுக்கு வெளியே வந்து சேர்ந்தன. ஏற்றுமதித் துணியை வெளுத்துக் காயப்போடத் தண்ணீரும் வெட்டவெளியும் வேண்டும். அந்த வேலை உங்கள் பக்கம் நடந்தது. (அதற்கும் இன்றைய எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்கும் நேர்க்கோடு போட்டுவிடாதீர்கள். நடுவில் 200 ஆண்டுகள் கிடக்கின்றன.) அப்புறம் கஞ்சி. 1782 பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்வார்கள்? இத்தனை காலம் ஓயாமல் ஒரே வேலையைச் செய்துவரும் இடம் சென்னையில் எத்தனை இருக்கும்! தூண் வைத்த கட்டடம் இல்லை என்பதற்காக அதை யாரும் பாரம்பரியப் பட்டியல் கண்ணோடு பார்ப்பதில்லை. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

தூண்தான் வேண்டும் என்றால் ராயபுரம் ஸ்டேஷன் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. 1873-இல் சென்ட்ரல் வந்தது, ராயபுரத்தின் மவுசு மெல்லக் குறைந்தது. பக்கத்திலேயே ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், உங்கள் தெருவைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆகவே பெரிய கட்டடங்களுக்கு ஒரு பத்தி போதும்.

மீதிப் பக்கங்களுக்கு, அந்தக் கடைசி வீட்டின் மூலப்பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். சர்வே நம்பரையும் சதுர அடியையும் வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படியுங்கள். ‘இன்னார் வீட்டுக்குத் தெற்கு, இன்னார் காலி மனைக்கு வடக்கு, தெருவுக்கு மேற்கு, சந்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில்’ என்று போகும். அதே வீடு அடுத்த முறை கைமாறியபோது எழுதிய பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். காலி மனை கொட்டகை ஆகியிருக்கும், இன்னாருக்குப் பதில் அவருடைய சம்சாரம் பெயர் இருக்கும், சந்து காணாமல் போயிருக்கும். எதிர்வீட்டுப் பத்திரமும் கிடைத்தால் தெருவின் இரண்டு பக்கமும் கைக்கு வந்துவிடும். கூடவே வில்லங்கச் சான்றுக்கும் போடுங்கள். பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் ஆபீசில் மனு கொடுத்து, கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். யார் எந்த வருஷம் வீட்டை அடமானம் வைத்தார்கள், எப்போது மீட்டார்கள் என்பது அதில் தெரியும். கல்யாணம், வியாதி, வேலைநிறுத்தம் எல்லாம் அந்த வரிகளுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். அதைத் தெருக்கோடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு தானாக வரும். வெறுங்கையோடு போனால் ‘அந்தக் காலத்துல எல்லாம் நல்லாயிருந்துச்சுப்பா’ என்பதோடு முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதிரி விஷயத்தில் பத்திரம் பில்டர் கைக்குப் போய், அங்கிருந்து பேங்குக்குப் போய்விட்டால் பிறகு கண்ணிலேயே காட்டமாட்டார்கள். கையெழுத்தாவதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள். பின்பக்கத்து முத்திரைகளையும் சேர்த்து.