பக்கத்து நிலத்தில் டேட்டா சென்டரா? முதலில் புல எண் சொல்லுங்க

டேட்டா சென்டர் என்றால் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடும், அதனால் ஓயாமல் குளிர்விக்க வேண்டிய கட்டடம். அதைப் பற்றி சேலம் சுற்றுவட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு நகரமைப்பு ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

ஓமலூர்: எங்க தெருக் கடைசியில 12 ஏக்கர் சோளக்காடு கைமாறிடுச்சுங்க. டேட்டா சென்டர்னு பேச்சு. வீடுங்க பக்கத்துல விடுவாங்களா?

"பக்கத்துல" என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை, புல எண்ணுக்குத்தான். கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றையும் எழுதிக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அந்த நிலத்தின் பயன்பாட்டு வகையைக் கேளுங்க. முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) எல்லைக்குள் விவசாயம் என்றோ குடியிருப்பு என்றோ இருந்தால், அங்கே டேட்டா சென்டர் கட்ட 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவின்படி வகையை மாற்றியாக வேண்டும். அதற்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழில் விளம்பரம் வரும். அதில் பெரும்பாலும் புல எண்கள்தான் கண்ணில் படும். தேதி தாண்டிய பிறகு அலறுகிறவர்கள் எல்லாம் இங்கேதான் கோட்டைவிட்டவர்கள்.

"வேண்டவே வேண்டாம்" என்று 200 கையெழுத்து வாங்குவதைவிட, உங்க சுவரிலிருந்து அந்த எல்லை எத்தனை மீட்டர், சாலை அகலம் எத்தனை, கிணறு எங்கே என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: விண்ணப்ப நகல், மனை வரைபடம், ஜெனரேட்டர் எத்தனை, ஒவ்வொன்றின் திறன் எத்தனை கே.வி.ஏ., டீசல் இருப்பு எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து. பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு என்பதால் விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போடுங்க.

அம்மாபேட்டை: கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போ சார்?

நடக்காது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்; ஆனால் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு. அனுமதி தரப்பட்டால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கொண்டலாம்பட்டி: சத்தம் எவ்வளவு வருங்க?

குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. ஆயிரம் கே.வி.ஏ. வரையுள்ள ஜெனரேட்டர் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75-க்கு மேல் போகக் கூடாது. பத்து ஒன்றாக ஓடினால் 85. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும். ஆக 30 மீட்டரில் ஏறக்குறைய 55, 45-க்கு இறங்க 100 மீட்டர் வேண்டும். நடுவில் சுவர், எதிரொலி இல்லாத தோராயக் கணக்கு இது.

ஆனால் ஜெனரேட்டர் கரண்ட் போகும்போதும் சோதனைக்கும் மட்டும்தான் ஓடும். ராத்திரி முழுக்க உறுமுவது மொட்டைமாடியில் இருக்கும் சில்லர் (குளிர்விப்பு இயந்திரம்) விசிறிகளும் டிரான்ஸ்பார்மரும். டிரான்ஸ்பார்மரின் 100 ஹெர்ட்ஸ் உறுமலை வழக்கமான 'ஏ' அளவீடு 19 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். மீட்டரில் 44 இருக்கும், உறுமல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லா விசிறியும் முழு வேகத்தில் ஓடும்போது, நள்ளிரவில், எல்லைச் சுவரில், தாழ் அதிர்வெண்களையும் பிரித்து அளக்க நிபந்தனை போடச் சொல்லுங்க.

செவ்வாய்பேட்டை: தண்ணிதான் பயம். காற்றுக் குளிர்விப்புன்னா பிரச்சினை தீர்ந்தது, இல்லீங்களா?

தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஒன்றரை லிட்டர் போகும். 10 மெகாவாட் என்றால் மணிக்கு 15,000 லிட்டர், நாளைக்கு 3.6 லட்சம், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் 30. காற்றுக்கு மாறினால் இது ஏறக்குறைய இல்லை. பதிலுக்கு விசிறி கூடும், கரண்ட் கூடும்.

செவ்வாய்பேட்டை: மூடிய சுழற்சின்னு சொல்றாங்களே, அதுல தண்ணிச் செலவு, விசிறி ரெண்டுமே இல்லையாம்.

மூடியது உள்சுற்று மட்டும்தான். வெப்பம் கடைசியில் வெளிக்காற்றுக்குத்தான் போக வேண்டும், ஒன்று ஆவியாக, இல்லை விசிறி வழியாக. விற்கிறவர் சொல்வதை அப்படியே நம்பாதீங்க.

அஸ்தம்பட்டி: சத்தமாவது பரவாயில்லைங்க, குடிநீர் போனா என்ன பண்றது? காற்றே போதும்.

உங்க வீடு தள்ளியிருக்கு, சொல்லலாம். ஏப்ரல், மே வெயிலில்தான் விசிறி முழு வேகத்தில் சுற்றும். அந்த மாதங்களில்தான் எல்லைச் சுவர்க்காரர் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார். என் தேர்வு, சுத்திகரித்த கழிவுநீர் மட்டும் என்ற நிபந்தனையோடு ஆவிக் குளிர்விப்பு. மேட்டூர் குடிநீரோ ஆழ்துளைக் கிணறோ என்றால் ஆட்சேபிக்கலாம்.

சூரமங்கலம்: கதிர்வீச்சு வருமா?

வராது. சத்தத்தைப் படிங்க.

கருப்பூர்: கிராம சபையில தீர்மானம் போட்டா நின்னுடுமா?

திட்ட அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. ஆட்சேபணை மனுவோடு இணைக்க நல்ல காகிதம், போடுங்க.

ஏற்காடு: இங்கதான் குளிராச்சே, மேலேயே கட்டலாமே?

மலைப் பகுதி, ஹாக்கா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) கட்டுப்பாடு வேறு. அந்த விதியைத் தெரிந்தவரைக் கேளுங்க.

தாரமங்கலம்: டீசல் டேங்க் வைப்பாங்களாமே?

2,500 லிட்டருக்கு மேல் போனால் வெடிபொருள் துறை உரிமம் வேண்டும். அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அந்தக் கோப்பையும் தகவல் உரிமையில் கேளுங்க.

கந்தம்பட்டி: எங்க வீட்டுக்குப் பக்கத்துலயும் வருதாம். விடுவாங்களா?

புல எண்?