பதில்: இந்த ஆண்டு 4 கோடிதான், இ-இன்வாய்ஸ் வேண்டுமா?

வேண்டும் சார். இ-இன்வாய்ஸ் என்றால் அரசின் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிந்து எண் வாங்கிய பில். விற்பனை 4 கோடிக்கு இறங்கிவிட்டதே, இனி விலக்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் விற்பனை 5 கோடியைத் தாண்டியிருந்தாலே இ-இன்வாய்ஸ் கட்டாயம். நீங்கள் சொன்ன 2019-20இன் 6 கோடி உங்களை மாட்டிவிட்டது. ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கிளைகளும் இந்தக் கணக்கில் சேரும்.

ஜிஎஸ்டி எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்குப் பழைய பில்லே போதும். ஆனால் பதிவு பெற்ற வியாபாரிக்குப் போகும் பில்லில் ஐஆர்என் (போர்ட்டல் தரும் அந்தப் பதிவு எண்) இல்லையென்றால் அது சட்டப்படி பில்லே இல்லை. உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காமல் அவர்தான் உங்களிடம் சண்டைக்கு வருவார்.

அப்புறம், தவறாகப் பதிந்தால் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். ரத்தான பில் எண்ணை மறுபடி போட முடியாது. அதனால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.