கடல் பஞ்சு மருந்தையும் செல் வெளியே தள்ளிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் கேட்டது, இப்போது கேட்கவில்லை. ‘செல் மருந்தை வெளியே தள்ளுகிறது, எரிபுலின் போடலாம்’ என்கிறார் கோவை டாக்டர். அது கடல் பஞ்சிலிருந்து வருவதாமே? அம்மாவுக்கு மீன் சாப்பிட்டாலே உடம்பெல்லாம் தடிப்பு வரும். போடலாமா? இதையும் செல் தள்ளிவிடாதா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: மீனுக்குப் பயந்து இந்த மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் அலர்ஜி மீனிலுள்ள புரதத்தால் வருவது. கடல் பஞ்சு என்பது கடலடியில் ஒட்டி வாழும் ஓர் எளிய உயிரினம். எரிபுலினில் மீனும் இல்லை, அந்தப் பஞ்சும் இல்லை. ஜப்பான் கடலின் ஒரு பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை 1986-ல் கண்டறிந்தார்கள். நியூசிலாந்துக் கடலின் வேறொரு பஞ்சில், ஒரு டன்னுக்குக் கிடைத்ததே சுமார் 300 மில்லிகிராம்தான். 1992-ல் ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டியது. அந்த மூலக்கூறைச் சுருக்கி, முழுக்கச் செயற்கையாகச் செய்வதுதான் எரிபுலின். அலர்ஜி விவரத்தை டாக்டரிடம் சொல்லிவையுங்கள், அது போதும்.

சரி, தள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். செல்லின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. பாக்லிடாக்சல், எரிபுலின் இரண்டும் கொழுப்போடு ஒட்டுபவை, தாமாகவே ஊடுருவி உள்ளே போகும். ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் சைட்டராபினும் கடல் பஞ்சு வழி வந்ததுதான். ஆனால் அது நீரில் கரைவது, சவ்விலுள்ள ஒரு புரத வாசல் திறந்தால்தான் நுழையும். அதே சவ்வில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்பும் இருக்கிறது. வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரை வாளியால் இறைப்பது போல, நுழைந்த மருந்தை அது இறைத்து வெளியே விடுகிறது. பம்ப் அதிகமுள்ள புற்றுசெல்கள் தப்பிப் பெருகுகின்றன.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை: எரிபுலினையும் அந்தப் பம்பால் இறைக்க முடியும். ஆனால் மருந்து கேட்காமல் போவதற்குப் பம்ப் மட்டுமே காரணமில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்கு அதற்குள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வேண்டும். பாக்லிடாக்சல் அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிவிடும். எரிபுலின் வேறு இடத்தில், குழாயின் நுனியில் உட்கார்ந்து, அதை வளரவிடாது. அதனால்தான் பாக்லிடாக்சல் கைவிட்டவர்களிலும் பலருக்கு இது கேட்கிறது. அம்மாவுக்குக் கேட்கிறதா என்பது சில சுற்றுகளுக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியும்.

பம்பையே அடைத்துவிட்டால் என்ன என்று பல மருந்துகளை முயன்றார்கள், பலன் கிடைக்கவில்லை. குடல், கல்லீரல், மூளையைக் காக்கவும் இதே பம்ப்தான் வேலை செய்கிறது. மிளகுச் சத்து மாத்திரை பம்பைத் தடுக்கும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ரசத்தில் போடும் மிளகு தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்புறம், உங்கள் ஊருக்கென்று சில வார்த்தை. எரிபுலின் பொதுவாக 21 நாள் சுற்றில் முதல் நாளும் எட்டாம் நாளும் நரம்பு வழி ஏறும். கால் மரத்துப்போகலாம். குளிருக்குக் கணப்புச் சட்டிப் பக்கம் கால் நீட்டினால் சூடு தெரியாமலே வெந்துவிடும்; கம்பளிக் காலுறை போதும். வெள்ளணுக்களும் குறையும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது, பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. மழையில் மலைப்பாதை அடைபட்டால் கோவை போக முடியாது. ஆகவே என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டது, காய்ச்சல் வந்தால் உடனே ரத்த அணுப் பரிசோதனையும் ஆன்டிபயாட்டிக் ஊசியும் தேவை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, கோத்தகிரியிலோ குன்னூரிலோ உள்ள ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே காட்டிவையுங்கள்.